பதவி உயர்ந்த நாளின் பதிவு

கடற்படைக்கு ஆள் சேர்ப்பவர்கள் பொய் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அவர்கள் விட்ட புளுகுக்கு அளவே இல்லை. நீருக்கடியில் ஒலி கேட்கும் பிரிவு தருகிறோம் என்று கூட்டிக்கொண்டு போய்ச் சமையலறையில் வெங்காயம் உரிக்க விட்டார்கள். மூன்றே வருஷத்தில் மாலுமிகளை மேய்க்கும் பெட்டி ஆபீசர் ஆகிவிடலாம் என்று சொல்லி, பத்து வருஷ பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் வழக்கு, ஊர்வலம், விசாரணைக் குழு எல்லாம் நடந்து முடிந்து, தென்கடல் கூட்டாட்சியின் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆள்சேர்ப்பு அதிகாரி வேலையைப் பற்றியோ பதவி உயர்வைப் பற்றியோ வாய் திறக்கவே கூடாது. சேர வருகிறவர் தானே அனுபவித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். அப்படிக் காட்டப்படும் அனுபவமும் யாரோ ஒருவருக்கு உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும்; ஜோடித்தது கூடாது. ஜனங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினார்கள். சட்டம் போட்டால் பொய் ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கத்தான் செய்கிறார்கள், பாவம்.

ரெமிஜியூஸ் தூத்துக்குடி நிலையத்தின் படியேறியபோது அவனுக்கு வயது இருபத்தொன்று. விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. சத்தம் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். நாலு படகு தள்ளி ஓடுகிற இன்ஜினில் எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிப் பந்தயத்தில் பரோட்டா ஜெயிப்பவன். அந்தக் காதை வைத்துக்கொண்டு கடற்படையின் கேட்புப் பிரிவில் சேர வேண்டும், கடலுக்கடியில் ஊர்ந்து போகும் நீர்மூழ்கியை அதன் மூச்சை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசைப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லை. காது நிஜமாகவே நல்ல காது.

மேசைக்கு அந்தப் பக்கம் லெப்டினன்ட் பார்கவி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். நிதானமான பேச்சு.

“மேடம், எனக்குக் கேட்புப் பிரிவுதான் கெடைக்கும்லா?”

“அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது தம்பி.”

“எத்தன வருஷத்துல பெட்டி ஆபீசர் ஆவலாம்?”

“அதையும் சொல்லக் கூடாது.” அவள் புன்னகை செய்தாள். “உள்ளே போய் உட்காருங்க. தெரிய வேண்டியது தானா தெரியும்.”

உள்ளே பல் டாக்டர் வீட்டில் இருப்பது போல ஒரு நாற்காலி. தலையைச் சுற்றி ஈரமான ஒரு பட்டையைக் கட்டினார்கள். நாற்பது நிமிஷம்.

அது சினிமா பார்த்த மாதிரி இல்லை. நடந்த மாதிரி இருந்தது. ஒரு கப்பலின் மேல்தளம். மழை தூறுகிறது. விறைப்பாக நின்று நின்று அவனுடைய இடது முழங்கால் வலிக்கிறது. ஒலிபெருக்கியில் கேட்புப் பிரிவு என்கிறார்கள், பெட்டி ஆபீசர் என்கிறார்கள். நாலடி எடுத்து வைக்கிறான். எதிரே நிற்கும் கேப்டனின் விரல்கள் நனைந்திருக்கின்றன. அவர் அவன் கையில் பேட்ஜைக் குத்தும்போது ஊசி துணியைத் தாண்டித் தோலில் பட்டுவிடுகிறது. அந்த வலிகூட இனிக்கிறது. பிறகு அவர் கையை நீட்டுகிறார். ஒரு மனுஷனின் நெஞ்சுக்குள் இவ்வளவு சந்தோஷத்துக்கு இடம் இருக்கிறது என்பதே ரெமிஜியூஸுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே வந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

“மேடம், எனக்குப் பதவி உயர்வு கெடச்சிட்டு.”

பார்கவி ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். “நான் எதுவும் சொல்லலை தம்பி. நீங்கதான் சொல்றீங்க.”

பத்திரத்தில், ‘கேட்புப் பிரிவுக்குப் பரிசீலிக்கப்படுவார்; இறுதி ஒதுக்கீடு பணித் தேவைக்கு உட்பட்டது’ என்று அச்சடித்திருந்தது. அவன் அதைப் படிக்காமல் இல்லை. படித்தான். கையில் பேட்ஜ் குத்திய இடம் இன்னும் சுருக்கென்று இருக்கும்போது ‘உட்பட்டது’ என்ற வார்த்தையை எவன் உற்றுப் பார்ப்பான்? பத்து வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், சமையலறையில் நின்றபடியே தங்கை ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்குப் பதிமூன்று வயது. மழையையும் ஈர விரல்களையும் கை குலுக்கலையும் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

‘கயல்’ என்ற காவல் கப்பலில் ஏறிய அன்று காலை அவனிடம் ஒரு சுத்தியலையும் உளியையும் கொடுத்தார்கள். கப்பலின் முன்பக்கத்தைக் காட்டி, துருவைத் தட்டி எடுத்துவிட்டு பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். கேட்புப் பிரிவு எங்கே என்று கேட்டான். கேட்டதற்கு யாரும் கோபிக்கவில்லை; அதுவே அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே வந்து உட்கார்ந்தவர் தவசி. ராமநாதபுரத்துக்காரர், கப்பலில் ஏழாவது வருஷம். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

“எந்தக் காலுப்பா?”

“புரியலண்ணே.”

“வலிச்சுச்சுல்ல. எந்த முழங்காலு?”

ரெமிஜியூஸ் கவளத்தைத் தட்டிலேயே போட்டான். “எடது.”

தவசி கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். முப்பது நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புது ஆள் வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்பது அந்தக் கப்பலில் வழக்கம் போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார்கள். சிரிக்கிற விஷயம்தான். யாரும் சிரிக்கவில்லை.

“எல்லாத்துக்கும் ஒரே படமாண்ணே?”

“ஒரே ஆளு. எவனோ ஒருத்தனுக்கு நிசமாவே குடுத்திருக்காங்க. அதத்தான் ஊரு பூராவும் ஓட்டுறாங்க. பொய்யின்னு சொல்ல முடியாது பாரு. நடந்ததுதானே?” தவசி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். “கேக்குற வேலய இப்ப மெசினு பாக்குது தம்பி. கப்பலுக்கு ஒரு ஆளு இருந்தாப் போதும், அது கேட்டதுக்கு அடியில கையெழுத்துப் போட. நம்மளுக்குச் சண்டை உப்போட மட்டுந்தான்.”

“அப்ப ஊருல போயி எல்லாருட்டயும் சொல்லலாம்லா?”

“சொல்லு. வாயால சொல்றத எவன் நம்புறான்? அவனுக்குத் தேகமே சொல்லியிருக்கே.” சொல்லிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கே இன்னும் விட்டுப் போகல. காலைல முழிச்சா, பதவி எப்பயோ கெடச்சிருச்சு, பேப்பருதான் வரலன்னு தோணுது.”

அதுதான் அந்த நாற்காலியின் பெரிய கொடுமை. ஏமாந்தவனுக்கு ஏமாந்தோம் என்ற கோபமாவது மிஞ்ச வேண்டும். இவர்களுக்கு அதுவும் மிஞ்சவில்லை. நடந்துவிட்ட சந்தோஷம் ஒன்று உள்ளே கிடந்து, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று தினமும் தட்டிக்கொடுத்தது. ரெமிஜியூஸ் கயிற்றில் தொங்கிய பலகையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் துருவைத் தட்டினான். இரும்பில் சுத்தியல் படும் சத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் ஓயாமல் கேட்டு, நாலாவது வருஷத்தில் அவனுடைய வலது காது மந்தமாகிவிட்டது. தவசியின் பத்து வருஷ பாண்டு முடிந்தது. எல்லோரும் வழியனுப்பத் தயாரானார்கள். அவர் இன்னும் பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இவ்வளவு நாள் இருந்துவிட்டு, பேப்பர் வரும் நேரத்தில் போவானேன் என்றார்.

ஐந்தாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, நானும் பேரு குடுத்துட்டேன்.”

“எதுக்குட்டி?”

“எதுக்கா? கடற்படைக்கித்தான். அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி வரச் சொல்லியிருக்காவ.”

ரெமிஜியூஸ் போனை நல்ல காதுக்கு மாற்றினான். “ஏட்டி, போவாத. அங்க காட்டுறது ஒண்ணு, நடக்குறது ஒண்ணு.”

“நீதான சொன்ன? சமையக்கட்டுல நின்னு அழுதுக்கிட்டே சொன்னியே.”

“அது எனக்கு நடந்ததில்ல ஜெசி. வேற எவனுக்கோ நடந்தது.”

“சரி, ஒனக்குக் கெடைக்கல. அதுக்காவ எனக்கும் கெடைக்காதா?”

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. துரு, பலகை, தவசி, மந்தமான காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது கையாலாகாதவனின் புலம்பல் போலக் கேட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நான் போயி உக்காந்து பாக்கேன். ஒரு மாதிரியா இருந்துச்சுன்னா கையெழுத்துப் போட மாட்டேன். போதுமா?”

அது போதாது என்று அவனுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதிரியாக உணர்ந்தவர் இதுவரை யாரும் இல்லை.

அடுத்த வாரமே அவனைக் காரைத்துறைத் தளத்துக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் பார்கவி. இப்போது கமாண்டர் ஆகியிருந்தாள். கடற்படையில் பதவி உயர்வே கிடையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

“பழைய பதிவு போதும்னு நினைச்சோம்,” என்றாள். “ஆனா, நாலாயிரம் பேருக்கு ஒரே முழங்கால் எப்படி வலிக்கும்னு பத்திரிகைக்காரங்க கேட்க ஆரம்பிச்சிட்டாங்க. புதுசு எடுக்கணும்.”

“அதுக்கு நான் என்ன மேடம் செய்யணும்?”

“சட்டப்படி நடந்ததைத்தான் காட்டணும். அதனால யாருக்காவது நிஜமாவே பதவி கொடுத்தாகணும். உங்களுக்குக் கொடுக்கிறோம்.”

அவளே தொடர்ந்தாள். போன வருஷம் எல்லோருக்கும் எடுத்த தலைப் பரிசோதனையில், உணர்ச்சி மிகத் தெளிவாகப் பதிவாகும் ஆட்களில் அவன் முதலாவதாக இருந்தானாம். பெட்டி ஆபீசர் பதவி நிஜம், உடுப்பு நிஜம். விழா முடிந்ததும் பதிவு எடுப்பார்கள்.

“எடுத்த பிறகு அந்த ரெண்டு மணி நேரம் உங்ககிட்ட இருக்காது. அதை மட்டும் முன்னாடியே சொல்லிடணும். மூளைக்குள்ள இருக்கும்போது அதை நகல் பண்ண முடியாது, வெளியே எடுக்கத்தான் முடியும். எடுத்த பிறகு எத்தனை நகல் வேணும்னாலும் போடலாம்.”

“மனசுல நெனைக்கிறதெல்லாம் வருமா மேடம்?”

“வார்த்தை வராது. நீங்க உள்ளுக்குள்ள எங்களைத் திட்டினாலும், ஜெபம் சொன்னாலும், உட்கார்றவருக்குக் கேட்காது. உடம்பு உணர்றது மட்டும்தான் வரும். தொண்டை அடைச்சா அடைக்கும். நெஞ்சு நிறைஞ்சா நிறையும்.”

“எப்பத்துலேருந்து இத ஓட்டுவிய?”

“பத்தாம் தேதியிலேருந்து எல்லா நிலையத்துலயும் புதுசுதான்.”

ஜெசிந்தாவுக்குப் பன்னிரண்டாம் தேதி. ரெமிஜியூஸ் அந்த இடத்திலேயே சம்மதித்தான். அதோடு, இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன் என்ற காகிதத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தடவை அவன் ஒவ்வொரு வரியையும் படித்தான்.

உடுப்பு வாங்கக் கிடங்குக்குப் போனான். கிடங்குப் பொறுப்பாளர் இடது காலைச் சற்றே இழுத்து இழுத்து நடந்து வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. பெயர் செய்யது மீரான், காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ரெமிஜியூஸ் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த வலி அவனுக்குத் தெரியும்.

“காக்கா, நீங்கதானா?”

மீரான் சட்டையை அளந்துகொண்டே தலையாட்டினார். இதே கேள்வியைக் கேட்டு அவரை அடிக்க வந்தவர்களும் உண்டாம். ரெமிஜியூஸுக்கும் ஐந்து வருஷமாக அந்த ஆள் மேல் கோபம் இருந்தது. ஆனால் எதிரே நின்றவரைப் பார்த்தபோது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“தம்பி, ஒங்களுக்கு நல்லா நெனப்பிருக்கா, அந்த நாளு?” என்று கேட்டார் மீரான்.

“நேத்து மாதிரி.”

“கொஞ்சம் சொல்லுங்களேன். மழை பெஞ்சிச்சாமே.”

ரெமிஜியூஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவருடைய நாளை அவருக்கே சொன்னான். மீரான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“அன்னைக்கு உம்மாவுக்குப் போன் பண்ணி அழுதேனாம். மவுத்தாகிக் கண்ண மூடுற வரைக்கும் உம்மா அதச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவா. எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா தலையாட்டுவேன். அந்தப் போனு ஒங்களுக்கு வந்திச்சா தம்பி?”

“இல்ல காக்கா. கை குடுத்ததோட முடிஞ்சிரும்.”

“முடிஞ்சிரும்,” என்று அவரும் சொல்லிக்கொண்டார். அவரிடமிருந்து எடுத்ததில் பாதிக்கு மேல் யாருக்கும் காட்டவே இல்லை. வேண்டாத மிச்சமாக எங்கோ கிடக்கிறது, அல்லது எப்போதோ அழித்திருப்பார்கள். ரெமிஜியூஸுக்கு அந்த மனுஷன் மேல் இரக்கம் வந்தது. தன் திட்டத்தை அவரிடம் சொல்லிவிட்டான்.

“நான் அன்னைக்குச் சந்தோசப்பட மாட்டேன் காக்கா. பேட்ஜு குத்தும்போது நெஞ்சு முழுக்கப் பயமும் துக்கமுமா வச்சிக்கிடுவேன். உக்காருத புள்ளையளுக்கு அதுதான போவும்? ஒடம்பு பதறி எந்திரிச்சு ஓடிருங்க. எந்தங்கச்சியும் ஓடிருவா.”

மீரான் அவனை நிமிர்ந்து பார்த்தார். “நல்ல ரோசனதான். ஆனா தம்பி, ஒடம்பு நம்ம சொல்லுக் கேக்குமா?”

“கேக்க வைக்கணும்.”

அதற்காக அவன் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மாதிரி ஒரு வாரம் துக்கத்தைப் பழகினான். விழாவுக்கு முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. காலையில் உடுப்பை மாட்டிக்கொண்ட பிறகு, வாசலில் இருந்து இரண்டு கூர்மையான ஜல்லிக் கற்களைப் பொறுக்கி வலது ஷூவுக்குள் போட்டுக்கொண்டான். துறைமுகத்தை நோக்கி நடக்கும்போது ஜெசிந்தாவைக் கயிற்றுப் பலகையில் உட்கார வைத்துப் பார்த்தான். கையில் சுத்தியல். கீழே தண்ணீர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் பயம். அவள் காதுகள் மந்தமாவதை, இருபத்தெட்டு வயதில் அவள் இன்னொரு பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதை நினைத்தான். தொண்டை அடைத்தது. நல்லது, அடைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டான். கப்பலின் ஏணிப்படியில் வலது காலை வைத்தான். கல் பாதத்தில் ஏறியது.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக் கூரை.

பதிவு அறையின் கட்டிலில் படுத்திருந்தான். ஜன்னலில் பிற்பகல் வெயில். இடது கையில் பெட்டி ஆபீசர் பேட்ஜ் இருந்தது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். இரண்டு கற்களும் ஒரு காகிதத்தின் மேல் இருந்தன. காலுறையில் ரத்தக் கறை.

பார்கவி வந்து எட்டிப் பார்த்தாள். “எப்படி இருக்கீங்க?”

“நல்லா வந்துட்டா மேடம்?”

“வந்திருக்கு.”

அந்த ஒரு வார்த்தையிலிருந்து எதையும் பிடிக்க முடியவில்லை. கற்களைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. கேட்புப் பிரிவு எப்போது என்று அவன் கேட்டான். பரிசீலிக்கப்படும் என்றாள். அதுவரை கிடங்கில் மீரானுக்கு உதவியாக இருக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவன் எப்படிக் கழித்தான் என்பதைச் சொல்லி முடியாது. தன் உடம்போடு போட்ட போர் முடிந்துவிட்டது, தானே சண்டை போட்டவன், ஜெயித்தது யார் என்று அவனுக்கே தெரியவில்லை. ஏணிப்படி வரைக்கும் எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தத் துக்கம் எவ்வளவு கனமாக இருந்தது என்று நினைவிருந்தது. அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு ஒருவன் சந்தோஷப்பட்டிருக்கவே முடியாது என்று நம்பினான். விழாவுக்கு வந்திருந்த யாரிடமாவது கேட்கலாம் என்றால், பேசக் கூடாது என்று காகிதம். பத்தாம் தேதி புதிய பதிவை எல்லா நிலையங்களிலும் ஓட்ட ஆரம்பித்தார்கள். அன்றைக்கே அதை நிறுத்திவிடுவார்கள், தன்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. பதினொன்றாம் தேதியும் கூப்பிடவில்லை.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குப் போன் அடித்தது. மீரான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

“அண்ணே,” என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் கரகரத்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. “அண்ணே, நீ சொன்னது சரிதான். மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.”

“எப்பிடிட்டி?”

“வயிறு காலியா, காலுல என்னமோ குத்திக்கிட்டே இருக்கு. நெஞ்ச அடைக்கி. வேண்டாம், வேண்டாம், திரும்பிப் போயிருன்னு ஒடம்பு முழுக்கச் சொல்லுது. நான் எந்திரிச்சிரலாம்னு பாத்தேன்.”

“எந்திரிச்சிட்டியா?”

“இல்லண்ணே. அதுக்குள்ள பேரக் கூப்பிட்டுட்டாவ.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அவரு வந்து பேட்ஜக் குத்துனாரு பாரு, எல்லாம் ஒடஞ்சு போச்சு. அம்புட்டுப் பாரமும் ஒரே நிமிசத்துல எறங்கிட்டு. அந்தப் பாரம் இல்லாம இருந்திருந்தா அந்தச் சந்தோசம் இவ்வளவு பெரிசாத் தெரிஞ்சிருக்காது. நீ அன்னைக்குச் சமையக்கட்டுல சொன்னதெல்லாம் ஒண்ணுமே இல்லண்ணே இதுக்கு முன்னால.”

ரெமிஜியூஸ் சட்டைக் கையில் இருந்த பேட்ஜைத் தடவிப் பார்த்தான். ஐந்து வருஷம் துரு தட்டிய உடம்பு. யாரோ ஒருவர் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், எஜமானன் பேச்சைக் கேட்காமல் ஓடிப்போய் நின்றுவிட்டது. அதைத் திட்டவும் அவனுக்கு மனம் வரவில்லை.

“இன்னொண்ணுண்ணே. அந்த ஆளு யாரையோ நெனச்சிக்கிட்டே நின்னிருக்கான். யாருன்னு தெரியல. ஆனா ரொம்ப வேண்டியவங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு. என்னைய யாரோ கையில பொத்தி வச்சிருக்க மாதிரியே இருந்துச்சு. இப்பிடிப்பட்ட ஆளுங்க இருக்க எடத்துக்குப் போறதுக்கு எதுக்குப் பயப்படணும்னு தோணிட்டு. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“போட்டுட்டியா.”

“பத்து வருசம்.”

தன் வாழ்க்கையில் மிகப் பெரிய சந்தோஷம் எப்படி இருந்தது என்பதை அவன் தங்கை வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டான். அது அவளிடம் இருக்கிறது. இனி வரப்போகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் இருக்கும். அவனிடம் மட்டும் இல்லை. அந்த ஆள் நான்தான், நினைத்துக்கொண்டு நின்றது உன்னைத்தான் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவளுக்கு அந்த ஒரு சந்தோஷமாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தான். அது அன்பா, கோழைத்தனமா என்று அவனுக்குப் புரியவில்லை.

“கேக்குதாண்ணே? என்ன ஒண்ணும் பேச மாட்டேங்க? கோவமா?”

“கோவம் இல்லட்டி. எந்தப் பிரிவுன்னு போட்டிருக்கு?”

“கேட்புப் பிரிவுதான். பரிசீலிக்கப்படுவார்னு அச்சடிச்சே குடுத்திருக்காவ.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, ஊருக்குப் புறப்படுகிறவர்களிடம் மூத்தவர்கள் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னான்.

“கப்பலுக்கு வரும்போது கையுறை வாங்கிட்டு வா. தடியானதா, ரெண்டு மூணு சோடி. இங்க குடுக்குறது ஒரு மாசந்தான் தாங்கும்.”

ஜெசிந்தா சிரித்தாள்.

“கேக்குற வேலைக்கு எதுக்குண்ணே கையுறை?”